இரட்டைக் கொம்பு

நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த கட்டுரை எது என்று, நம் பத்திரிகையின் மலருக்காக உங்களில் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "யோசித்துச் சொல்கிறேன்" என்று நழுவிவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. பதில் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கட்டுரையின் பேரைச் சொன்னால் அதோடு சேர்ந்து இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதனால் நழுவினேன். நழுவுவதில் நான் கெட்டிக்காரன் என்பதை இதைப் படித்து முடிக்கும்போது நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

நம்முடையது மாலைப் பத்திரிகை. எட்டுப் பக்கம். பகல் ஒரு மணிக்கு முதல் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். நான்கு மணிக்குப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கட்டு இறங்க வேண்டும். நான் அங்கே செய்திகளைத் திருத்திப் பக்கம் கட்டுகிற மேசையில் பல வருடங்கள் உட்கார்ந்திருந்தேன். எழுத்துப்பிழை என்றால் எனக்கு ஆகாது. ஒற்றெழுத்தை விட்டுவிட்ட பையனைப் பத்துப் பேர் நடுவில் நிற்க வைத்துக் கிழித்தவன் நான். எனக்கு நீங்கள் வைத்திருந்த பட்டப்பெயரும் தெரியும். பரவாயில்லை, பொருத்தமாகத்தான் வைத்திருந்தீர்கள்.

புதன்கிழமைதோறும் நாலாம் பக்கத்தில் உலகத் தலைவர்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதிவந்தேன். அதைப் படித்தவர்கள் நானும், பிழை பார்க்கிற அம்மாவும், நூலகத்தில் தினமும் வந்து உட்காருகிற இரண்டு ஓய்வுபெற்ற தாசில்தார்களும்தான் என்று கேலி செய்வார்கள். இருந்தாலும் உயிரைக் கொடுத்து எழுதினேன். அந்த வாரம் எடுத்துக்கொண்டது போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியை ஆண்ட ஒரு தலைவரை.

அவர் வாழ்க்கையே ஒரு கதை. தகப்பன் முகம் தெரியாமல், கடையில் வேலை பார்த்த தாய்க்குப் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் எதிர்த்து நின்று, இருபது வயதுகூட ஆகாத நிலையில் கடல் தாண்டி நார்வேக்குத் தப்பியவர். பிடிபடாமல் இருக்க வேறொரு பெயரை வைத்துக்கொண்டார். கடைசிவரை அதுவே அவர் பெயராக நிலைத்துவிட்டது. அகதியாக இருந்த காலத்தில் அவருக்குச் சோறு போட்டது நம் தொழில்தான், பத்திரிகைக்கு எழுதிப் பிழைத்தார். போர் முடிந்து ஊர் திரும்பியபோது, "நாட்டை விட்டு ஓடியவன், பெயரை மாற்றியவன், அப்பன் பெயர் தெரியாதவன்" என்று எதிராளிகள் ஏசினார்கள். அவரோ இரண்டாகப் பிளந்து கிடந்த நகரத்துக்கு மேயராகி, நடுவில் சுவர் எழும்பியதைக் கண்ணால் பார்த்து, பிறகு நாட்டுக்கே தலைவரானார்.

அவரை உலகம் நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு காட்சிக்காக. போலந்து நாட்டுக்குப் போனார். நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்துக் கொன்ற இடத்தில், எதிர்த்து நின்று மாண்டவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம். மலர்வளையம் வைத்தார், நாடாவைச் சரிசெய்தார், இரண்டு எட்டுப் பின்னால் வந்தார். தலையைக் குனிந்துவிட்டுத் திரும்புவார் என்றுதான் எல்லோரும் நின்றார்கள். அவர் ஈரத் தரையில் அப்படியே முழங்காலில் விழுந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கொலைகாரர்களை எதிர்த்து ஊரைவிட்டே ஓடியவர் அவர்; அந்தப் பாவத்தில் அவருக்குத் துளியும் பங்கில்லை. இருந்தும் விழுந்தார். சொந்த ஊரிலேயே பலர் இது ரொம்ப அதிகம் என்று முகம் சுளித்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் இந்தக் கட்டுரையை முடித்துவிட்டேன். ஒரே ஒரு சொல் மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. "மண்டியிட்டார்" என்று எழுதியிருந்தேன். பிழை பார்க்கிற அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், மண்டியிட்டார்னா தோத்துப்போய்க் காலுல விழுந்த மாதிரி இருக்கு. நாங்க மாதா கோயில்ல முழங்கால்ல நிக்கிறோமே, அது தோல்வியா? முழங்காலிட்டார்னு போடுங்க."

"முழங்காலிட்டார்னா பள்ளிக்கூடத்துல வாத்தியார் போடச் சொன்ன மாதிரி இருக்கும்மா."

"அது முட்டி போடுறது சார். அது வேற."

இப்படியே போனது. மண்டியா, முழங்காலா, முட்டியா. நாற்பது நிமிடம். அகராதியெல்லாம் எடுத்துப் பார்த்தோம். இன்றைக்கு நினைத்தால் அந்த நாற்பது நிமிடத்தைத் திருப்பித் தரச் சொல்லி யாரிடமாவது கெஞ்சலாம் போலிருக்கிறது. கடைசியில் "முழங்காலில் விழுந்தார்" என்று முடிவு செய்து, திருப்தியாக ஒரு டீ சொன்னேன்.

டீ வரும்போது மணி பன்னிரண்டே முக்கால். கடற்கரைப் பக்கத்து நிருபர் போனில் வந்தார். கோட்டைப்பட்டினத்தில், பிடிக்கவே தடை உள்ள கடல் அட்டை கடத்தல், மூட்டை மூட்டையாகப் பிடித்திருக்கிறார்கள், ஒருவர் கைது. பெயர் செ. ஜமால். படம் கிடைக்கவில்லை, ஆளை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அவ்வளவு சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார்.

எங்கள் தலைமை உதவி ஆசிரியர் அன்று விடுமுறை. முதல் பக்கம் என் பொறுப்பு. நல்ல செய்தி, ஆனால் படம் இல்லாமல் பக்கம் மொட்டையாக நின்றது. கம்ப்யூட்டரில் எங்கள் படக் கிடங்கில் "ஜமால், கோட்டைப்பட்டினம்" என்று தேடினேன். ஒரே ஒரு படம் வந்தது. முந்தைய புயலின்போது பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்ட வலைக்கடைக்காரர் ஒருவர், கையில் பெரிய அகப்பையோடு. கீழே எழுதியிருந்தது: சே. ஜமால்.

பார்த்தேன். பார்க்காமல் இல்லை. நிருபர் சொன்னது "செ". படத்தில் இருந்தது "சே". என் மண்டைக்குள் என்ன ஓடியது தெரியுமா? 'பாரு, யாரோ ஒரு அரைகுறை ஒற்றைக் கொம்பு போட வேண்டிய இடத்தில் இரட்டைக் கொம்பு போட்டு வைத்திருக்கிறான்!' அது எழுத்துப்பிழை என்று நினைத்தேன். நினைத்ததோடு விடவில்லை, திருத்தினேன். நிருபருக்கு ஒரு தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. இரண்டாம் தடவை அடிக்கவில்லை. அகப்பையை வெட்டி எறிந்துவிட்டு முகத்தை மட்டும் எடுத்து, மூன்று பத்தி அகலத்துக்குப் போட்டேன். ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பக்கம் போனது. சரியான நேரத்தில் முடித்தேன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த முகம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, கையில் மடித்த பத்திரிகை. ஐம்பது வயதிருக்கும். அவருக்கு வேர்த்திருந்தது. எனக்கும் வேர்த்தது.

"சார், நேத்து பேப்பர்ல இருக்கது நான்தான். ஆனா அவரு நான் இல்ல."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அவரு செய்யது மகன் ஜமாலு. நான் சேக்கு மகன் ஜமாலு. ஊருல எல்லாருக்கும் தெரியும். ஆனா ஊருக்கு வெளிய தெரியாதுல்ல சார்? எங்கிட்டு எங்கிட்டு இருந்தெல்லாமோ வல வாங்க வாராக. இன்னைக்கிக் காலையில வந்த ஆளு கயித்த எடுத்துப் பாத்தாரு, என் மொகத்தப் பாத்தாரு, வச்சுட்டுப் போயிட்டாரு. மக இங்கதான் காலேஜு படிக்கிது. பஸ்ஸுல பின்னாடி சீட்டுல இருந்து 'அட்டை'ன்னு கூப்புடுறாகளாம்."

"மன்னிச்சிருங்க பாய். பெரிய தப்பு நடந்து போச்சு" என்றேன். வாய் கூசாமல் வந்தது. நாலு பேர் காதில் விழாத இடத்தில் அது யாருக்கும் வரும்.

"அது ஒண்ணுமில்ல சார், மனுசன் கை தவறுறதுதான? அதே எடத்துல, அதே அளவுல என் படத்தைப் போட்டு, 'இவரு அவரு இல்ல'ன்னு ஒரு வரி போடுங்க. அம்புட்டுத்தான். படம் கண்டிப்பா வேணும் சார். டீக்கடையில தொங்குறப்ப எழுத்த யாரு படிக்கிறா? படத்தத்தான் பாக்குறாக."

எவ்வளவு நியாயமான பேச்சு! பத்திரிகை நடத்தத் தெரியாதவர், படத்துக்கும் எழுத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு ஒரே வரியில் சொல்லிக் கொடுத்துவிட்டார். நாளைக்கே போடுகிறேன் என்று அனுப்பி வைத்தேன். அப்போது உண்மையாகவே போடத்தான் நினைத்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குத் தொழில் பழக்கிய ஒரு பெரியவர் இருந்தார். அவர் சொல்லிக் கொடுத்த விதி ஒன்று இந்த மேசையில் எழுதாத சட்டமாக இருந்தது. தவறு நடந்தால் ஏழாம் பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே, காலமானார் விளம்பரங்களுக்குப் பக்கத்தில் மூன்று வரி. "வருந்துகிறோம்" என்று முடிக்க வேண்டும். "மன்னிப்பு" என்ற சொல் கூடாது. வருந்துகிறோம் என்றால் நமக்கும் துக்கம் என்று அர்த்தம். மன்னிப்பு என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. எத்தனை நுணுக்கம் பாருங்கள்.

அன்று மத்தியானம் முதலாளி போனில் வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க என்னங்க நினைக்கிறீங்க? முதல் பக்கத்துல படத்தோட போடணும்னா போட்டுருவோம். நீங்க சொன்னாச் சரி" என்றார்.

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. முடிவு என் கையில் கொடுக்கப்பட்டது. ரிசீவரைப் பிடித்தபடி மேசையைச் சுற்றிப் பார்த்தேன். ஆறேழு பேர் தலையைக் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒற்றெழுத்துக்காக நான் கிழித்த பையனும் அங்கேதான் இருந்தான். முதல் பக்கத்தில் மூன்று பத்திக்குத் திருத்தம் வந்தால் அதை அவர்களே பக்கத்தில் வைத்துக் கட்ட வேண்டும். கொம்பு பார்க்கத் தெரியாதவன் என்று என்னைப் பற்றி மாவட்டமே பேசும். அதுதான் என் பயம். வழக்குக்கோ வாய்தாவுக்கோ நான் பயப்படவில்லை.

"ஏழாம் பக்கம் போதுங்க. வழக்கம் அதுதான்" என்றேன்.

"சரிங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று அவர் வைத்துவிட்டார்.

புதன்கிழமை திருத்தம் வந்தது. நானே எழுதினேன்: 'நேற்று முன்தினம் முதல் பக்கச் செய்தி ஒன்றில் படம் தவறாக இடம்பெற்றுவிட்டது. வருந்துகிறோம்.' யார் படம் என்று இல்லை. எந்தச் செய்தி என்றும் இல்லை. அந்தப் படம் தானாகவே நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்ட மாதிரி ஒரு வாக்கியம். இலக்கணப் பிழை மட்டும் கிடையாது.

அதே இதழில் நாலாம் பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு என் ஜெர்மானியத் தலைவர் முழங்காலில் நின்றார். படம் பெரிதாக, தெளிவாக வந்திருந்தது. தாசில்தார்கள் இருவரும் போன் செய்து பாராட்டினார்கள்.

வியாழக்கிழமை ஜமால் பாய் மறுபடி வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார். பத்திரிகையை விரித்து மேசையில் வைத்தார். ஏழாம் பக்கம் என்று நினைத்தேன். நாலாம் பக்கம்.

"இத எழுதுனது நீங்களா சார்?"

"ஆமா பாய்" என்றேன். அந்த நிலையிலும் எனக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்ததை மறைக்க மாட்டேன்.

"நல்லாருக்கு சார். மகதான் வாசிச்சுக் காட்டுச்சு. ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னேன்." படத்தின் மேல் விரலை வைத்தார். "இவரு அந்தக் கொலையெல்லாம் செய்யலல்ல?"

"இல்ல. இவரு எதிர்த்தவரு."

"செய்யாதவரு, உலகமே பாக்குற எடத்துல." விரலை எடுத்து, பக்கங்களைப் புரட்டி, ஏழாம் பக்கத்தின் அடிக்கு வந்தார். ராசிபலனுக்குக் கீழே இருந்த மூன்று வரியைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கண்டுபிடித்ததும் அதன் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை இதழுக்கு இன்னும் ஒரு நாள் முழுதாக இருந்தது. "நிர்வாகம் ஒத்துக்கல பாய். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பத்திரிகையை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மண்டி போடுறதெல்லாம் பெரிய மனுசங்க காரியம் சார். அத நான் கேக்கல. நான் கேட்டது படந்தான்."

வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு வரவில்லை.

அந்தத் தலைவரின் கதையில் நான் எழுதாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. இடம் போதவில்லை என்று வெட்டினேன். அவருக்கு மிக நெருக்கமாக வேலை பார்த்த உதவியாளர் சுவருக்கு அந்தப் பக்கத்து நாட்டின் ஒற்றன் என்று தெரியவந்தது. வேலைக்கு வைத்தது யார், விசாரிக்காமல் விட்டது யார் என்று கைகாட்ட அவருக்கு எத்தனையோ பேர் இருந்தார்கள். பொறுப்பு என்னுடையது என்று பதவியை விட்டு இறங்கினார். சமாதானத்துக்காக உலகமே பரிசு கொடுத்துக் கொண்டாடிய மனிதர். பிற்பாடு அந்தச் சுவர் இடிந்ததைப் பார்க்கும்வரை உயிரோடும் இருந்தார். நான் அவரைப் பற்றி எல்லாம் படித்திருந்தேன். பரீட்சை வைத்திருந்தால் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பேன்.

சில வருடங்கள் கழித்து மறுபடி ஒரு புயல். கோட்டைப்பட்டினம் பள்ளிக்கூடத்தில் ஜமால் பாய் மறுபடி அடுப்பு மூட்டி, அகப்பையைப் பிடித்தார். நிருபர் படம் எடுக்கப் போனார். திரும்பி வந்து சொன்னார்: "அண்ணே, கேமராவத் தூக்கினதும் அவரு துண்ட எடுத்து மொகத்த மூடிக்கிட்டு அங்கிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டாரு. சோறு போடுறத மட்டும் நிறுத்தல." ஏன் என்று நிருபருக்குப் புரியவில்லை. நான் விளக்கவில்லை.

நான் ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், தலையில் முக்காடு. டீச்சராக இருப்பதாகச் சொன்னார். தகப்பனாருக்குக் காலமானார் விளம்பரம் கொடுக்க வேண்டுமாம். அத்தா முந்தாநாள் மௌத்தாகிவிட்டார் என்றார். ஊரைச் சொன்னதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

விளம்பரம் வாங்குகிற பெண்ணை நகரச் சொல்லிவிட்டு நானே உட்கார்ந்தேன். "முதல் பக்கத்துல போடுறேன்மா. மூணு பத்திக்குப் படத்தோட. செலவு எங்க பொறுப்பு" என்றேன். பேச்சு அவசரமாக வந்தது. "எங்ககிட்ட அவரு படம் இருக்கு. அகப்பையோட நிக்கிற முழுப் படம்."

"வேணாம் சார்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அத்தா சொல்லிட்டுப் போயிருக்காக. பேப்பர்ல படம் போடக் கூடாதாம். பேரு மட்டும் போதும். எப்பவும் போடுற எடத்துலயே போடுங்க."

எப்போதும் போடுகிற இடம் ஏழாம் பக்கம், ராசிபலனுக்குக் கீழே.

"அம்மா, அன்னைக்கி எங்க முதலாளி..." என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். காத்திருந்தார். நல்ல பெண், நன்றாகவே காத்திருந்தார். நான் "டீ சாப்புடுறீங்களாம்மா?" என்று கேட்டேன்.

வேண்டாம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். அடித்த வாசகத்தைத் திரையில் காட்டினேன். ஊர் சரி, கடை பேர் சரி, அவருக்காக ஓதுகிற நேரம் சரி. அவர் விரல் பெயருக்கு வந்ததும் நின்றது.

"இதுல மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க சார். ரெட்டக் கொம்பு. இத மட்டும் ஞாபகமாச் சொல்லச் சொன்னாக."

சரியாகத்தான் அடித்திருந்தேன். அவர் கண்ணெதிரே அழித்துவிட்டு மறுபடி அடித்தேன்.

உங்கள் மலரில் இந்தக் கட்டுரையோடு போட என் படம் கேட்டிருந்தீர்கள். அனுப்பியிருக்கிறேன், அதை முதல் பக்கத்தில், மூன்று பத்தி அகலத்துக்குப் போடுங்கள். அவர் படத்தைப் போட இனி எனக்கு வழியில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் படத்துக்குக் கீழே இதை அப்படியே எழுதுங்கள், ஒரு சொல்லையும் திருத்தாதீர்கள்: 'கைதானவர் செ. ஜமால். நாங்கள் வெளியிட்டது சே. ஜமாலின் படம். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. படத்தை எடுத்துப் போட்டவனும், திருத்தத்தை ஏழாம் பக்கத்துக்கு அனுப்பியவனும், பழியை நிர்வாகத்தின் மேல் போட்டவனும் இவன்தான். மன்னிப்புக் கேட்கிறேன்.'